கையில் பந்து இல்லாதவன்

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தவன் பையிலிருந்து வலி ஸ்ப்ரேயை எடுத்து முழங்காலில் அடித்துக்கொண்டான். மழைக்காக ஜன்னல்களையெல்லாம் மூடியிருந்தார்கள். கற்பூரமும் ஸ்பிரிட்டும் கலந்த அந்த நெடி ஒரே நொடியில் பஸ் முழுக்கப் பரவியது. "இன்னாபா, பஸ்ஸுக்குள்ளயா அடிப்ப? கண்ணு எரியுது" என்று பின்னாலிருந்து ஒருவர் சத்தம் போட்டார். ஒரு காலத்தில் நம் அறையே அந்த நெடியில்தான் கிடந்தது. உன் விலாவில் நானே அடித்துவிட்டிருக்கிறேன். நீ "மெதுவாடா" என்றதும், நான் உன் முகத்தைப் பார்க்காமல் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றதும் கவரைப்பேட்டை தாண்டும் வரை ஞாபகத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

ஸ்ப்ரே அடித்தவன் ஆர்.கே.பேட்டைப் பக்கத்து ஆள். காண்ட்ராக்டில் இருக்கிறான். இந்த வருஷம் நம் கம்பெனி பாஸ்கெட்பால் அணியில் ஆடுகிறான். அவனுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் ஒரே போனில் தலையை முட்டிக்கொண்டு அமெரிக்க லீக் ஆட்டம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஆட்டம் என்றா சொன்னேன்? ஆட்டத்திலிருந்து பொறுக்கியெடுத்த பத்து நிமிஷம். எகிறிப் பந்தை ரிங்குக்குள் திணிக்கும் ஒரு டங்க், ஒரு நீண்ட ஷாட், மறுபடியும் ஒரு டங்க். நடுவில் இருந்த இரண்டரை மணி நேரத்தை எங்கே கொட்டினார்கள் என்று கேட்க நீ இல்லை. இருந்திருந்தால் அந்தப் போனைப் பிடுங்கியிருப்பாய்.

செத்துப்போனவனுக்குக் கடிதம் எழுதுவது கோழைக்கு வசதியான வேலை. எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்க மாட்டாய். நீ உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். வேறென்ன செய்ய?

நாம் இருவரும் ஒரே காண்ட்ராக்டரின் ஆட்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் தகடு அழுத்தும் அந்த பிரஸ் ஷாப்புக்கு ஒரே வேனில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டான். கம்பெனி ரோலில் இருக்கும் நிரந்தர ஆட்களுக்கு நீலச் சட்டை, நமக்குச் சாம்பல் சட்டை. கேன்டீனில் அவர்களுக்கு ஒரு வரிசை, நமக்கு ஒரு வரிசை. நான் கடம்பத்தூரிலிருந்து வந்தவன், நீ பொன்னேரிக்குப் பக்கத்து ஆரணி. உன் மனைவியும் மகளும் அங்கே இருந்தார்கள். வாரத்தில் ஆறு நாள் ரயில்வே லைனை ஒட்டிய அந்த அறையில் என்னோடும் இன்னும் மூன்று பேரோடும் கிடப்பாய், ஞாயிற்றுக்கிழமை ஆரணிக்கு ஓடுவாய். கம்பெனி அணியில் மட்டும்தான் எல்லோருக்கும் ஒரே பனியன். அதற்காகவே பந்து விளையாட வந்தேன் என்று ஒருமுறை சொன்னாய். விளையாட்டாகச் சொன்னாய் என்று நினைத்தேன்.

அமெரிக்காவில் ராத்திரி ஆடுவது நமக்குக் காலையில் வரும். நைட் ஷிஃப்ட் முடிந்து ஆறு மணிக்கு கேட்டை விட்டு வெளியே வந்தால், நாஷ்டாவைப் பொட்டலம் கட்டிக்கொண்டு நேராக அறை. சொம்பில் உன் போனைச் சாய்த்து வைப்பாய். மற்ற மூவரும் முதல் வாரத்திலேயே உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போர்வைக்குள் போய்விட்டார்கள். உன்னோடு உட்கார்ந்து மேட்ச் பார்ப்பது அவ்வளவு பெரிய தண்டனை. நல்ல கட்டத்தில் நிறுத்துவாய். பின்னால் ஓட்டுவாய். "இத பாரு, இந்தாளு இடது காலை எங்க வெச்சிக்கினு கீறான் பாரு" என்பாய். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தக் கட்டைவிரலைத்தான் என்னால் பொறுக்க முடியாது.

பந்து போகிற இடமெல்லாம் உன் கட்டைவிரலைத் திரைமேல் கொண்டுபோய் அதை மறைப்பாய். கையளவு திரையில் அந்த விரல் பந்தை மட்டுமா மறைக்கும்? ரிங், போர்டு, ஆறரை அடி மனிதன், எல்லாம் அதன் அடியில் போய்விடும். ஒருவன் வானத்துக்கு எகிறி டங்க் அடிக்கிறான், மைதானமே எழுந்து நின்று கத்துகிறது, எனக்குத் தெரிவது இயந்திர எண்ணெய் ஏறிய உன் நகம்.

"கைய எடுடா!"

"பந்த பாக்காத. அது பாட்டுக்கு போவும். கையில பந்து இல்லாத ஒன்பது பேரு இன்னா பண்றான், அத பாரு."

"ஒன்பது பேரும் சும்மா நிக்கறான்."

"சும்மா நிக்கறானா? நீ நில்லு பாக்கலாம், நூத்திபத்து கிலோ ஆளு ஓடியாந்து மேல மோதறப்ப சும்மா நில்லு பாக்கலாம்."

நீ பள்ளி ஹாஸ்டலில் சிமென்ட் தரையில் ஆடக் கற்றவன். நான் போனில் வீடியோ பார்த்துக் கற்றவன். நம் சண்டை எல்லாம் அங்கிருந்துதான் வந்தது. எட்டு மணி நேரம் பிரஸ்ஸுக்கு முன் நின்று ஒரே அச்சில் ஒரே தகட்டை வைத்து எடுத்து, வைத்து எடுத்து வருகிறவனுக்குக் காலையில் வேடிக்கைதான் வேண்டும் என்பது என் கட்சி. "அவனுங்க சம்பளம் வாங்கறதே நாம வாய பொளந்து பாக்கத்தான்டா. எவனும் டங்க் அடிக்கலன்னா இந்த ஆட்டத்த கும்மிடிப்பூண்டி வரைக்கும் எவன் அனுப்புவான்? நீ சொல்ற காலு வெக்கறத பாக்க எவன் வருவான்?" என்று கேட்டேன். அன்றைக்கும் அது நியாயமான கேள்வி, இன்றைக்கும் நியாயமான கேள்வி. நீ இட்லியை மென்றுகொண்டே, "வாய பொள. வேணாங்கல. எதுக்கு பொளக்கறன்னு தெரிஞ்சி பொள" என்றாய்.

நட்சத்திரங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து வருஷத்துக்கு ஒருமுறை ஆடுவார்களே, அதை மட்டும் நீ பார்க்கவே மாட்டாய். யாரும் யாரையும் தடுக்காமல் ஆளுக்கு ஒரு வித்தை காட்டுவார்கள். "இது மேட்ச் இல்லடா, ரிசப்ஷன். வரிசையில நின்னு மேடை ஏறி கை குடுத்துட்டு சாப்ட போறானுங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டாய். போர்வைக்குள் இருந்த மூன்று பேரும் அன்றைக்குத்தான் வெளியே வந்து நிம்மதியாக என்னோடு உட்கார்ந்து பார்த்தார்கள்.

நீயும் ஒன்றும் முனிவன் இல்லை. ஒரு நாள் ஒருவன் மூன்று பேர் தலைக்கு மேலே தாவிப் பந்தைத் திணித்தபோது, கட்டைவிரலை மறந்து கட்டில்மேல் எழுந்து நின்று கத்தி, மேலே சிமென்ட் பலகையில் மண்டையை இடித்துக்கொண்டாய். நான் சிரித்துச் சிரித்துத் தரையில் புரண்டேன். தலையைத் தேய்த்துக்கொண்டே, "அதுக்கு முன்னாடி ஒருத்தன் ஸ்கிரீன் வெச்சான் பாரு, அதுக்குத்தான் கத்துனேன்" என்று புளுகினாய். உன் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே புளுகு அதுதான்.

ஸ்கிரீன். உன் வாழ்க்கை முழுக்க அதுதான். எதிராளி ஓடிவரும் வழியில் போய்த் தூண் மாதிரி நின்றுகொள்வது. காலை அசைத்தால் ஃபவுல். அவன் வந்து மோதுவான், வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு நொடியில் உன் ஆள் ஒருவன் தனியாகப் போய்ப் பந்தைப் போட்டுவிடுவான். கைத்தட்டல் அவனுக்கு. உனக்கு நெஞ்சு வலி. இதைக் கம்பெனி அணியில் உன்னைப் போலச் செய்தவன் கிடையாது. நம் அணியில் என் பெயரில் விழுந்த புள்ளிகளில் பாதிக்கு மேல் நீ யாரையாவது மறித்து நின்றதால் விழுந்தவை. அப்போது எனக்கு அது தெரியாது என்று எழுத ஆசையாக இருக்கிறது. தெரியும். தினமும் காலையில் கட்டைவிரல் வைத்துச் சொல்லிக்கொடுத்தவன் நீதானே.

பிறகு அந்த நோட்டீஸ் வந்தது. தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்குள் நடக்கும் போட்டியில் நன்றாக ஆடும் காண்ட்ராக்ட் ஆட்டக்காரர் ஒருவரைக் கம்பெனி ரோலில் எடுப்பார்களாம். ஒரே ஒருவரை. அணியில் காண்ட்ராக்ட் ஆட்கள் நாம் இரண்டு பேர்தான். நோட்டீஸ் போர்டு முன்னால் நின்று நீ இரண்டு முறை படித்தாய். "லீவு போட்டா கேட் பாஸ புடுங்க மாட்டான்ல, ரோலுக்கு வந்தா?" என்று கேட்டாய். நான் நீலச் சட்டையைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். நீ காய்ச்சல் வந்தால் ஒரு நாள் படுக்க முடியுமா என்பதைப் பற்றி நினைத்திருக்கிறாய்.

அன்று டீக்கடையில் நமக்குள் ஒரு பேச்சு ஆனது. "யாருக்கு கெடச்சாலும் பேஜாரு இல்ல. ஆட்டத்த ஆட்டமா ஆடுவோம்" என்றாய். நான் தலையாட்டினேன். கடைக்காரர் இரண்டு டீயை நீட்டிக்கொண்டே, "இன்னா நைனா, ரெண்டு பேரும் மொகத்த தூக்கி வெச்சிக்கினு கீறீங்க?" என்று கேட்டார். இருவரும் சிரித்துவைத்தோம்.

இறுதி ஆட்டம் பக்கத்துப் பைப் கம்பெனியோடு. மேலதிகாரிகள் முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் போன்கள். சில நொடிகள்தான் பாக்கி, ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். டைம் அவுட்டில் நீ என் காதருகே வந்து சொன்னதை இப்போதும் அப்படியே எழுத முடியும். "என் தோளை ஒரசிகினு போ. அவன நான் பாத்துக்கறேன். போர்டுக்கு நேரா போயி சாதாரணமா போடு. சுத்தாத."

நீ போய் நின்றாய். நான் உன் தோளை உரசிக்கொண்டு போனேன். என்னைத் துரத்தி வந்த அவர்கள் ஆள் மொத்த வேகத்தோடு உன் விலாவில் மோதின சத்தம் எனக்குக் கேட்டது. எனக்கு முன்னால் யாருமே இல்லை. ரிங்கும் நானும்தான். பள்ளிப் பிள்ளைகூடப் போட்டுவிடலாம். நான் என்ன செய்தேன்? முதல் வரிசையைப் பார்த்தேன். போன்களைப் பார்த்தேன். காற்றில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, கை மாற்றி, முதுகைக் காட்டிக்கொண்டு பந்தை எறிந்தேன். அது ரிங்கின் விளிம்பில் இரண்டு முறை குதித்தது. வெளியே விழுந்திருக்க வேண்டிய பந்து, என் அதிர்ஷ்டம், உள்ளே விழுந்தது.

என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அந்த உயரத்திலிருந்து பார்த்தபோது நீ கோர்ட்டில் ஒருக்களித்துப் படுத்திருந்தாய். அந்த மோதின ஆள்தான், எதிரணிக்காரன், கை கொடுத்து உன்னைத் தூக்கிவிட்டான். நம் ஆட்கள் யாரும் உன் பக்கம் திரும்பவில்லை. சாயந்திரத்துக்குள் என் வீடியோ எல்லார் போனிலும் ஓடியது. அறைக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி ஸ்ப்ரே டப்பாவை என்னிடம் நீட்டினாய். விலாவில் கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. "சுத்தாதன்னு சொன்னேன்ல" என்று மட்டும் சொன்னாய். "உள்ள போச்சில்ல?" என்றேன் நான்.

இரண்டு நாள் கழித்து அதிகாரியின் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. அவர் மேஜையில் ஸ்கோர் ஷீட் இருந்தது. என் வீடியோவை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்துச் சிரித்தார். பிறகு உன் பெயரில் பேனாவை வைத்தார்.

"இவர எடுக்கலாமான்னும் மேல கேட்டுக்கினு இருக்காங்க. மொத்த டோர்னமென்ட்டுக்கும் நாலு பாயின்ட். கூட ஆடுனவரு நீங்க. சொல்லுங்க, இவரு எப்டி?"

சொல்வதற்கு என்னிடம் எவ்வளவு இருந்தது தெரியுமா? அந்த ஒரு ஷாட்டை எடுத்து நிறுத்தி, பின்னால் ஓட்டி, கட்டைவிரலை வைத்து மறைத்து, "சார், இங்க பாருங்க" என்று சொல்லியிருக்கலாம். அந்த மனிதர் கெட்டவர் இல்லை, கேட்டிருப்பார். ஒருவேளை உன்னையே எடுத்திருப்பார். அதுதான் பயம். கடம்பத்தூரில் அம்மா எனக்கு வேலை நிரந்தரமாகப்போகிறது என்று எதிர்வீட்டுக்காரி வரை சொல்லிவைத்துவிட்டாள் என்பதெல்லாம் பிறகு நானாகத் தேடிக்கொண்ட சாக்கு. அந்த நிமிஷத்தில் எனக்கு வேண்டியது நீலச் சட்டை, அவ்வளவுதான்.

"நல்லா ஓடுவாரு சார்" என்றேன்.

பொய் இல்லை. நீ நன்றாகத்தான் ஓடுவாய். ஒரு ஆளைக் கவிழ்க்கப் பொய்கூட வேண்டியதில்லை, கொஞ்சமாகப் புகழ்ந்தால் போதும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

வெளியே வராந்தாவில் நீ நின்றிருந்தாய். "இன்னாடா கேட்டாங்க?" என்றாய். "ஒன்னியும் இல்ல. பேரு, ஊரு" என்றேன். அடுத்த மாதம் எனக்கு நீலச் சட்டை வந்தது. நீதான் முதலில் கை கொடுத்தாய். விலா அப்போதும் வலித்திருக்க வேண்டும், கையை முழுக்க நீட்டாமல் கொடுத்தாய்.

உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு, மறைப்பானேன். அந்த இறுதி ஆட்டத்திலேயே உனக்கு இரண்டு முறை பந்து தனியாகக் கிடைத்தது. இரண்டு முறையும் என்னைத் தேடி பாஸ் கொடுத்தாய். "அவன் நல்ல எடத்துல இருந்தான்" என்று காரணம் வேறு. உனக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. உனக்கு அந்த வேலை என்னைவிட அவசியம். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ஷாட்டை உனக்காகப் போட்டுக்கொண்டால் ஆட்டத்தின் புனிதம் கெட்டுவிடுமா? எதிரே உட்காரும் அதிகாரிக்கு உன் பாடம் எதுவும் தெரியாது என்று உனக்குத் தெரியாதா? அடிப்படை, அடிப்படை என்று பிடித்துக்கொண்டு நின்றாய். அது யாரைக் காப்பாற்றியது?

காண்ட்ராக்ட் மாறியது. உன்னை வேறு ஒரு இரும்பு உருட்டாலைக்கு அனுப்பினார்கள். நான் பொன்னேரியில் வீடு பிடித்துக்கொண்டேன். நீ மட்டும் விடவில்லை. காலையில் செய்தி வரும்: "மூணாவது குவாட்டர், கடைசி நாலு நிமிஷம். இடது மூலைய பாரு." நான் எந்த மூலையையும் பார்க்கவில்லை. நைட் ஷிஃப்ட்டும் குறைந்துபோனது, எப்போதாவது பத்து நிமிஷத் துண்டுப் படம் பார்ப்பேன். உனக்கு ஒரு கட்டைவிரல் தூக்கிய பொம்மையை அனுப்பிவிட்டுப் போனைப் பையில் போட்டுக்கொள்வேன்.

ஒரு நாள் காலையில் ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் இல்லாமல் ஒரு வரி வந்தது. "நல்லா ஓடுவேன்னு சொன்னியாமே. ஓடிக்கினுதான்டா கீறேன்." கூடவே ஒரு சிரிக்கிற முகம்.

யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஆபீசில் யாரோ வாய் தவறியிருக்க வேண்டும். பஸ் ஸ்டாப்பில் நின்றபடி நான்கு முறை எழுதினேன், நான்கு முறையும் அழித்தேன். "மன்னிச்சிடு" என்று ஒரு முறை முழுதாக எழுதி, விரலை அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்தில் வைத்தேன். பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து, அதையும் அழித்துவிட்டு, வழக்கமான கட்டைவிரல் பொம்மையை அனுப்பினேன். அந்தச் செய்திக்கு அந்தப் பதில். நீ மறுநாளும் மூலையைப் பார்க்கச் சொல்லி எழுதினாய். நீ என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

மழைக்காலத்தில் உன் செய்திகள் நின்றன. எனக்கு அது உறைக்க ஒரு வாரம் ஆனது. காய்ச்சலோடு நான்கு நாள் உலைக்கு முன் நின்றிருக்கிறாய். ஐந்தாம் நாள் ஆலையிலேயே விழுந்திருக்கிறாய். டெங்கு என்றார்கள், முற்றிவிட்டது என்றார்கள். ஆரணிக்கு நான் வந்தபோது எல்லாம் முடிந்து வாசலில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். உன் மனைவி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். "படுங்கன்னு சொன்னேண்ணே. ஒரு நாள் போவலன்னா கேட் பாஸ புடுங்கிடுவான்னு போனாரு" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நோட்டீஸ் போர்டு முன்னால் நீ என்னைக் கேட்ட கேள்வி அதுதான். நான் ஐ.டி. கார்டைச் சட்டைப் பைக்குள் தள்ளிக்கொண்டு நின்றேன். அன்று எனக்கு லீவு. சம்பளத்தோடு லீவு.

இதில் பாதி உனக்குத் தெரிந்த கதைதான். போன வாரம் நடந்ததைச் சொல்லத்தான் எழுத ஆரம்பித்தேன்.

கம்பெனியில் மறுபடி ஒருவரை ரோலில் எடுக்கிறார்கள். அணிக்குப் பொறுப்பு இப்போது நான், ஆகையால் என்னையும் கூப்பிட்டார்கள். அதிகாரி இப்போது ஒரு சின்ன வயதுப் பெண், மரியாதையாகப் பேசுகிறவர். நான் ஆர்.கே.பேட்டைக்காரனைச் சொன்னேன். இந்த முறை பத்து நிமிஷம் பேசினேன். எங்கே நிற்கிறான், யாரை மறிக்கிறான், அவன் இல்லாத நேரத்தில் நம் அணி என்ன ஆகிறது, எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "புரியுது சார். அவரோட கிளிப் ஏதாச்சும் இருக்கா?" என்றார். இல்லை. படம் எடுக்கிறவன் எல்லாம் பந்தின் பின்னால்தானே ஓடுகிறான். "இந்த மாதிரி ஒன்னு இருந்தா மேல சொல்ல ஈஸியா இருக்கும்" என்று சொல்லி, சுவரில் இருந்த பெரிய டி.வி.யில் என் வீடியோவை ஓட்டினார். புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் இன்றும் அதைத்தான் காட்டுகிறார்களாம்.

இத்தனை வருஷமும் அதைப் போனில்தான் பார்த்திருக்கிறேன். சுவர் அளவுக்குப் பார்த்தது அன்றைக்குத்தான். முதல் நொடியில், இடது ஓரத்தில், நான் திரைக்குள் நுழைவதற்கு முன்னால், ஒரு முழங்கை தெரிந்தது. நெஞ்சோடு சேர்த்து மடக்கிய முழங்கை. அசையவில்லை. அது சட்டென்று உள்பக்கமாக நசுங்கியது, பிறகு காணோம்.

"மேடம், கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன். எழுந்துபோய்ச் சுவரருகே நின்று விரலால் காட்டினேன். "இந்தக் கை இல்லன்னா இந்த ஷாட்டு இல்ல."

"யாரு சார் அது?"

உன் பெயரைச் சொன்னேன்.

"நம்ம ஸ்டாஃபா?"

"இல்ல. காண்ட்ராக்ட். எடுத்திருக்கணும். நான் அன்னிக்கு வாய தொறந்து சொல்லியிருந்தா எடுத்திருப்பாங்க. இப்ப உயிரோட இல்ல."

"ஐயோ, சாரி சார்" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "நீங்க சொன்னப்புறம்தான் கண்ணுல படுது. ஓரத்துல கை மட்டும் துண்டா தெரியுது பாருங்க. அத லேசா கிராப் பண்ணிடலாம் சார், கிளீனா இருக்கும்" என்றார்.

"வெட்டாதீங்க" என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது. வெளியே இருந்தவர்கள் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தார்கள். "அத வெட்டறதா இருந்தா என் வீடியோவையே எடுத்துடுங்க."

அவர் கோபப்படவில்லை. "சரி சார், நோ ப்ராப்ளம். இதுவும் ரொம்பப் பழசாயிடுச்சி, வேற ஒன்னு போட்டுக்கறோம்" என்றார். எடுத்துவிட்டார்கள். எந்த ஷாட்டைக் காட்டி உன் இடத்தை எடுத்துக்கொண்டேனோ, அது போவதற்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. யாரும் அதைத் தேடவும் இல்லை. ரோலில் எடுத்தது வேறொரு பையனை. இறுதி ஆட்டத்தில் ரிங்கைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சலாடினவன். ஆர்.கே.பேட்டைக்காரனுக்கு அதே சாம்பல் சட்டைதான்.

உன் பாடம் ஜெயித்தது என்று எழுத முடிந்தால் எழுதியிருப்பேன். ஜெயிக்கவில்லை. இங்கே வேடிக்கைதான் ஜெயிக்கிறது, அதில் நான் சம்பளம் வாங்குகிறேன். நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது கெட்டுப்போன ஒரு கண். இப்போதெல்லாம் எந்த ஆட்டத்தைப் போட்டாலும் டங்க் அடிப்பவன் தெரிவதில்லை, அவனுக்கு வழிவிட்டு மோதல் வாங்கிக் கீழே கிடப்பவன்தான் தெரிகிறான். சந்தோஷமாகப் பார்க்க முடியவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

அந்த வீடியோ என் போனில் இருக்கிறது, வெட்டாதது. காலையில் அதை ஓடவிடுகிறேன். உன் முழங்கை வருகிறது. நான் உள்ளே வருவதற்குள் நிறுத்திவிடுகிறேன்.